பால் தேடினால் புல் வரும்

"தம்பி, எல்லாம் துலைஞ்சு போச்சு."

பெரியம்மா இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு மணி இருக்கும். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது என்பதுபோல, நடந்ததை நடந்தபடி சொன்னார். முதல் நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் என்னுடைய குறிப்புச் செயலியின் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். முகம்கூடக் கழுவாமல் கணினியைத் திறந்தேன். அடுத்தவர் குறிப்புக்குள் என்ன இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியாது, எத்தனை, எவ்வளவு பெரிது என்று மட்டும் தெரியும். அவருடைய கணக்கில் 214 குறிப்புகள். முதல் நாளும் 214. கோப்புகளின் அளவும் அப்படியே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. "ஒண்டும் துலையேல்லை பெரியம்மா. எல்லாம் கிடக்கு. மேலை கீழை மாறியிருக்கு, அவ்வளவுதான். கடைசியா எழுதினது இனி மேலை வரும்" என்றேன், நல்ல செய்தி சொல்கிற நினைப்பில். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்குத் தெரிஞ்ச இடத்திலை இல்லையெண்டால் துலைஞ்சதுதானே" என்றார்.

அன்று முழுக்க அந்த வசனம் என்னை விடவில்லை. தரவு இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய கேள்வி. இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் கெட்ட கனவு. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை இருக்கிறது, அதில் ஒரு மனிசி தன் போனைக் கையில் வைத்துக்கொண்டே கைவிடப்பட்டு நிற்கலாம் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இருபதாவது ஆள்

இந்தச் செயலியை எழுதத் தொடங்கியது 2022இல். அந்த வருடம் இலங்கையில் எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் போய்க் கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், போனில் இணையமும் போய்விடும். என் குறிப்புகள் எல்லாம் எங்கேயோ ஒரு வழங்கியில் இருந்தன. மண்ணெண்ணெய் வரிசை இலக்கம், அம்மாவின் மருந்து அளவு, வேலையிடத்துக் கடவுச்சொற்கள், எதையும் திறக்க முடியாது. கையில் போன் இருக்கிறது, உள்ளே எழுதினதும் நான்தான், ஆனால் பார்க்க முடியாது. அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் இது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அது முதலில் உங்கள் கருவியில் இருக்கும். இணையம் வரும்போது கணினியும் போனும் ஒன்றையொன்று பார்த்துச் சமன் செய்துகொள்ளும். செயலி நாளைக்கு இல்லாமல் போனாலும் கோப்புகள் இருக்கும். பகல் வேலை முடிந்து இரவு இரவாக எழுதினேன்.

2024 தொடக்கத்தில் அதைப் போனுக்கான செயலிக் கடையான கூகுள் பிளேயில் வைக்கலாம் என்று கணக்குத் திறந்தேன். பதிவுக் கட்டணம் 25 டொலர், அன்றைய விலைக்கு எட்டாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. அப்போதுதான் ஒரு புதிய விதி கண்ணில் பட்டது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனியாளாகக் கணக்குத் திறப்பவர்கள், செயலியைப் பொதுவில் விட முதல் குறைந்தது 20 பேரை வைத்து 14 நாட்கள் தொடர்ச்சியாகச் சோதித்துக் காட்ட வேண்டும். (2024 கடைசியில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். எனக்கு வாய்த்தது 20.) அண்ட்ரொய்ட் போன் வைத்திருக்கிற, இரண்டு கிழமைக்கு ஒரு செயலியை அழிக்காமல் வைத்திருக்கக்கூடிய இருபது பேர். கூட வேலை செய்கிறவர்கள் ஏழு பேர், மச்சான்மார் நாலு பேர், ரியூட்டரியில் படிப்பிக்கும் சிநேகிதன் ஒருவன், அவன் பிடித்துத் தந்த பெடியள் ஏழு பேர். பத்தொன்பது. நீர்வேலியில் இருக்கும் பெரியம்மா இருபதாவது ஆள்.

பெரியம்மாவுக்கு இரண்டு பசு. விடியப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குப் போத்தலில் பால் போகும். ஒழுங்கையில் இருக்கும் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கிறார். இவை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வந்தவர். செயலியைப் போட்டுக் கொடுத்தபோது, இது என்ன செய்யும், எப்படி வேலை செய்யும் என்று ஒன்றும் கேட்கவில்லை. "இது துலையுமோ?" என்று மட்டும் கேட்டார். 95 இடப்பெயர்வில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் கையில் இருந்தது ஒரு பை. அதற்குள் காணி உறுதி, அடையாள அட்டைகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். கொப்பிகள் எல்லாம் அலுமாரியில் கிடந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. யார் யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அதோடு போனது. "துலையாது" என்று சொன்னேன். போன் உடைந்தாலும் கணினியில் இருக்கும், கணினி போனாலும் போனில் இருக்கும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

பதினாலு நாள் முடிந்தது. இருபது பேரும் "நல்லா இருக்கு" என்றார்கள். பத்தொன்பது பேர் பிறகு அதைத் திறக்கவேயில்லை என்று நினைக்கிறேன். பெரியம்மா மட்டும் விடாமல் எழுதினார்.

நான் செய்த திருத்தம்

ஒன்றரை வருடம் கழித்து நான் வெளியிட்ட பதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரை செயலியில் குறிப்புகள் எழுதின வரிசையில் இருந்தன. முதல் எழுதியது மேலே, புதியது அடியில், கொப்பியின் பக்கங்கள் மாதிரி. அது யோசித்துச் செய்த வடிவம் என்று சொல்ல முடியாது. முதல் முதல் எழுதும்போது இலகுவாக இருந்ததால் அப்படி விட்டிருந்தேன். பிறகு வேறு செயலிகளைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. எல்லாவற்றிலும் கடைசியாகத் தொட்டது மேலே வருகிறது. குறிப்பின் முதல் இரண்டு வரி ஒரு அட்டையில் தெரிகிறது. ஒரே மாதிரியானவை தாமாகவே சேர்ந்து ஒரு கட்டாகின்றன. நானும் இரண்டு மாதம் இருந்து இதையெல்லாம் செய்தேன். வடிவாகத்தான் இருந்தது, அதை இன்றைக்கும் சொல்வேன். கணினியிலும் போனிலும் ஒரே முகம், ஒரே வரிசை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள், என் அக்கா, கணினியில் பார்த்துவிட்டு "இப்பதான் ஒரு செயலி மாதிரி இருக்கு" என்று செய்தி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூர், இருபாலை, கோப்பாய் தாண்டி நீர்வேலிக்குப் போனேன். போனிலேயே விளக்கிவிடலாம் என்றுதான் கிழமை முழுக்க நினைத்திருந்தேன். ஆனால் அந்த வசனம் விடவில்லை. பெரியம்மா விறாந்தை வாங்கில் இருந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் வந்தது. பிறகு போனை எடுத்துவரச் சொன்னேன். ஒரு மூலை வெடித்த போன், மங்கிய பிளாஸ்ரிக் உறை, உறைக்கும் போனுக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு சீட்டுத் துண்டு. "முந்தி எப்படிப் பார்ப்பீங்கள், செய்து காட்டுங்கோ" என்றேன்.

அவர் பெருவிரலால் திரையை மேலே தள்ளினார். ஒரு தள்ளு, இரண்டு, மூன்று. அதே இடத்தில் விரல் நின்று தட்டியது. திரையைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். "இதிலைதான் பால் கணக்கு இருந்தது." அவர் தட்டிய இடத்தில் இப்போது வாசிகசாலைக் கூட்டத்துக்குக் காசு கொடுத்த குறிப்பு திறந்தது. திரும்ப மேலே போய், "தள்ளாமல் நாலாவது, சீட்டு. ஒரு தள்ளுக்கு மாட்டு டொக்டரின்ரை நம்பர். ரெண்டுக்கு உறுதியும் மற்றக் கடதாசியளும் எங்கை கிடக்கெண்டு எழுதினது." ஒவ்வொன்றுக்கும் விரல் முதலே அசைந்துவிட்டது, சொல் பிறகுதான் வந்தது. மாதம் முடிந்ததும் கணக்கைப் புதுக் குறிப்பொன்றில் இறக்கிவிட்டு, பழைய குறிப்பைத் துடைத்து அதிலேயே அடுத்த மாதத்தைத் தொடங்குவாராம். முடிந்த மாதங்கள் எல்லாம் தாமாகவே அடிக்குப் போகும், அன்றாடம் வேண்டியது இடம் மாறாமல் மேலேயே இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒழுங்கு. நான் சோம்பலில் விட்ட வரிசைக்கு மேல் ஒன்றரை வருடமாக அவர் அதைக் கட்டியிருக்கிறார். அதை ஒரே இரவில் கலைத்துவிட்டு, "எல்லாம் கிடக்கு" என்று போனில் சொல்லியிருக்கிறேன்.

"அக்காவும் போன முறை வந்து குசினியை உப்பிடித்தான் அடுக்கிப்போட்டுப் போனவள்" என்றார் பெரியம்மா. குற்றமாகச் சொல்லவில்லை. அன்பில் செய்ததுதானே என்பதுபோல.

எனக்கு இன்னொன்று விளங்கவில்லை. 214 குறிப்பை ஒருவர் விரலின் ஞாபகத்தில் வைத்திருப்பது எவ்வளவு கடினம்! "மேலை பூதக்கண்ணாடி மாதிரி ஒண்டு கிடக்கே பெரியம்மா. அதிலை பால் எண்டு அடிச்சால் வருமே. ஏன் தேடுறேல்லை?"

"அது தமிழுக்குச் சரிவராது தானே" என்றார்.

நான் அப்படியே இருந்துவிட்டேன். அவர் சொன்ன விதம் அப்படி. நீர்வேலியில் வாழை நிற்கும், பங்குனியில் வெயில் எரிக்கும் என்பதுபோல ஒரு இயற்கை உண்மையாகச் சொன்னார். "ஆர் சொன்னது?" என்றேன். "முதல் கிழமையே அடிச்சுப் பாத்தனான்" என்று சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் ப, துணைக்கால், ல், ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். தேடல் முடிவு வந்தது. 37 குறிப்புகள். முதலாவது, புல்லு வெட்டினவருக்குக் கொடுத்த காசு. அடுத்தது கரண்ட் பில். அதற்கும் கீழே, அடையாள அட்டை தொலைந்ததற்குப் பொலிஸில் போட்ட முறைப்பாட்டின் இலக்கம். பால் கணக்கு எங்கேயோ பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ. "பாத்தியே? பால் எண்டால் புல்லு வரும். தமிழ் எழுத்து அதுக்கு விளங்காது."

ஒரு எழுத்து, இரண்டு துண்டு

அன்று இரவே காரணத்தைப் பிடித்துவிட்டேன். அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் தமிழில் செயலி எழுதும் இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது. நமக்கு 'பா' ஒரு எழுத்து. முதலாம் வகுப்பில் அப்படித்தான் படித்தோம். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் அது இரண்டு குறியீடு, ப என்பது ஒன்று, துணைக்கால் இன்னொன்று. அதிலும் ப 'எழுத்து' என்ற வகையில் இருக்கிறது, துணைக்காலும் கொம்பும் விசிறியும் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகையில் இருக்கின்றன. என் செயலி தேடலுக்குப் பயன்படுத்துவது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம், ஏறக்குறைய எல்லாப் போனிலும் இருப்பது. அதன் தேடல் பகுதி சொற்களைப் பிரிக்கும்போது, நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பாகமாக எடுக்கும். மற்ற எல்லாம் அதற்கு இடைவெளிதான். காற்புள்ளி எப்படியோ அப்படியே துணைக்காலும்.

ஆக 'பால்' உள்ளே போகும்போது துணைக்காலில் ஒரு வெட்டு, புள்ளியில் ஒரு வெட்டு. மிஞ்சுவது ப, ல என்ற இரண்டு தனித் துண்டுகள். 'புல்' என்பதிலும் மிஞ்சுவது அதே ப, ல. 'பில்' என்றாலும் அதுதான். 'பொலிஸ்' என்றால் ப, ல, ஸ, அதற்குள்ளும் ப, ல அடுத்தடுத்து இருக்கின்றன. மீனைத் தேடினால் மானும் வரும். உயிர்க்குறி எல்லாவற்றையும் உரித்துவிட்டு மெய்யை மட்டும் வைத்து வாசிக்கிற ஒரு இயந்திரம் அது. இதற்கு மாற்றும் அந்தத் தளத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. குறி என்ற வகையையும் சொல்லுக்குள் சேர் என்று ஒரே வரி எழுதினால் போதும். நான் அந்தப் பக்கத்தை வாசித்திருக்கவில்லை.

எனக்கு ஏன் தெரியாமல் போனது? நான் தமிழிலும் சோதித்தேன், அதுதான் கொடுமை. மூன்று குறிப்பு எழுதினேன். ஒன்றில் 'வணக்கம்', ஒன்றில் 'யாழ்ப்பாணம்', மற்றதில் என்னவோ. தேடினேன், வந்தது. இந்தப் பிழை தேடியதை மறைக்காது. தேடாததையும் கூட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். மூன்று குறிப்பில் கூட்டிவர எதுவும் இல்லை. 214 குறிப்பு, அதுவும் பாலும் புல்லும் பில்லுமாக வாழ்கிற ஒருவருடைய குறிப்பு இருந்தால்தான் தெரியும். என் சொந்தப் போனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அவற்றில் முக்கால்வாசி வேலை விசயம், ஆங்கிலத்தில் எழுதியவை. ஆங்கிலத்தில் தேடல் குறையே இல்லாமல் வேலை செய்தது. தமிழ் ஆட்களுக்காகத் தமிழில் செயலி எழுதுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்த நான், என் வேலையை ஆங்கிலத்தில் செய்துகொண்டு, தமிழை மூன்று குறிப்பில் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம்விட என்னைப் போட்டு வதைத்தது அந்தத் 'தானே'. சரிவராது தானே. முதல் கிழமையே பிழையைக் கண்டுபிடித்திருக்கிறார். சோதிப்பதற்கு என்று நான் சேர்த்த இருபது பேரில் சோதித்தது அவர் ஒருவர்தான். கண்டும் எனக்குச் சொல்லவில்லை. செயலியை எழுதியது அவருடைய தங்கச்சியின் மகன், கூப்பிடு தூரத்தில் இருக்கிறான், அப்படியிருந்தும். ஏனென்றால் அது அவருக்குப் பிழையாகத் தெரியவில்லை. தமிழ் என்றால் இப்படித்தான் என்று முடிவெடுத்துவிட்டார்.

அவர் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடமாக இயந்திரங்கள் எங்களுக்கு அதைத்தான் படிப்பித்திருக்கின்றன. பாமினி எழுத்துருவில் தட்டிய கோயில் திருவிழா நோட்டீஸ் அடுத்த கடைக் கணினியில் திறந்தால் 'ம்' இருக்கவேண்டிய இடமெல்லாம் கே என்ற ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாக நிற்கும். பழைய போன்களில் வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி வெறும் சதுரப் பெட்டிகளாக வரும். குறுஞ்செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70. அதிலும் 'பா' இரண்டாக எண்ணப்படும். காசு மிச்சம் பிடிக்க ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஒவ்வொரு முறையும் சனம் 'சரி, இது தமிழுக்கு இல்லை' என்று விலகிப்போய் வேறு ஒரு வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பெரியம்மாவின் மூன்று தள்ளும் அப்படி ஒரு வழிதான். தேடல் கைவிட்டதால் இடத்தைப் பாடமாக்கினார். அந்த இடத்தைத்தான் நான் 'வடிவாக்கினேன்'. என் முதல் பிழையைச் சுற்றி அவர் போட்டு வைத்திருந்த ஒற்றையடிப் பாதையை என் இரண்டாவது பதிப்பு உழுதுவிட்டது.

கெட்டதற்குள் கிடந்த நல்லது

அந்த ஒரு வரியை மாற்றினேன். தேடலுக்காகச் செயலி வைத்திருக்கும் சொற்பட்டியலைப் பழைய வெட்டிலிருந்து திருத்த முடியாது, முழுக்க அழித்துத் திரும்பக் கட்ட வேண்டும், அது சின்னப் போனில் சில வினாடி எடுக்கும். சரி, செய்தாயிற்று. பால் என்று தேடினால் புல் வரவில்லை. சந்தோசமாக இருந்தேன், அரை மணித்தியாலம். பிறகு பார்த்தால் 'பாலுக்கு' வரவில்லை. 'பாலை' வரவில்லை. 'பால்காசு' வருகிறது, 'பாலிலை தண்ணி' வரவில்லை. முந்தி இவை எல்லாம் வந்தன. ஏனென்றால் பழைய பிழை எல்லாக் குறிகளையும் உரித்துவிட்டதால் 'பாலுக்கு' என்பதற்குள்ளும் ப, ல இருந்தன. பிழை தன்னை அறியாமல் வேற்றுமை உருபை ஏற்றுக்கொண்டிருக்கிறது! சரியாக்கின பிறகு இயந்திரத்துக்குப் பால் வேறு, பாலுக்கு வேறு.

ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தைக் கொடுத்தால் மிச்சத்தையும் பிடிக்கும். தமிழில் அது நடக்காது. 'பால்' புள்ளியில் முடிகிறது, 'பாலுக்கு' என்பதில் அந்த இடத்தில் புள்ளி இல்லை, உகரக்குறி இருக்கிறது. ஓ.எல். பரீட்சைக்குப் பாடமாக்கிய புணர்ச்சி விதிகளை இருபது வருடம் கழித்துத் திரும்ப எடுத்தேன். குற்றியலுகரம் உயிர் வந்தால் கெடும், மகர ஈறு போகும், டகர றகரம் இரட்டிக்கும். கடைசியில் செய்தது எளிமையானது. தேடுகிற சொல்லின் கடைசியில் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அதை எடுத்துவிடுவது, 'ம்' என்றால் முழுதாக எடுப்பது, மிஞ்சியதை முன்பாதியாக வைத்துத் தேடுவது. 'கணக்கு' கொடுத்தால் 'கணக்கை'யும் வரும். 'பணம்' கொடுத்தால் 'பணத்துக்கு' வரும். 'வீடு' கொடுத்தால் 'வீட்டில்' வருகிறதா என்று பயந்துகொண்டு பார்த்தேன், வந்தது. 'வீட' என்பதற்குப் பிறகு புள்ளி வந்தாலும் அது முன்பாதிதானே. பால் தேடினால் 'பண்ணைப் பாலம்' என்ற ஒரு குறிப்பும் வரும், அதைத் தடுக்கவில்லை. சொல் அப்படியே இருப்பதை மேலே வைத்தேன், மற்றது கீழே வரட்டும். இதோடு இன்னொரு வேலையும் இருந்தது. 'பொ' என்பதைச் சில விசைப்பலகைகள் ஒற்றைக் குறியாகச் சேமிக்கும், சில ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒருங்குறியிலேயே வழி இருக்கிறது. ஔவையாரை 'ஒ' போட்டு 'ள' போட்டு எழுதுகிறவர்களுக்கு அந்த வழி உதவாது, அதற்குத் தனியாக ஒரு விதி எழுதினேன். இவ்வளவுக்கும் மூன்று கிழமை. அட்டைகளுக்கும் கட்டுகளுக்கும் இரண்டு மாதம் செலவழித்தவன் நான்.

வரிசையைப் பற்றி நிறைய யோசித்தேன். இந்தத் தொழிலில் ஒரு செயலியை எழுதிவிட்டுத் தொடாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசியில் கெடு வரும். கூகுள் பிளேயில் புதுப்பிப்புகள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் வந்த அண்ட்ரொய்ட் பதிப்பை இலக்காகக் கொண்டிருக்க வேண்டும். அப்படியே விட்டால் நாளடைவில் புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு அந்தச் செயலி கடையில் தெரியாது. ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது நான் ஒவ்வொருவர் போனுக்குள்ளும் போயே ஆக வேண்டும். போகத்தான் வேண்டும், ஆனால் போகிற இடத்தில் சாமானை நகர்த்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முந்திய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தேன். புதியது வேண்டும் என்கிறவர்கள் அமைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம். இனி எந்தப் பதிப்பிலும், ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவருடைய வரிசையை அவர் கேட்காமல் தொடுவதில்லை. புதிய வசதி எதுவானாலும் பழைய ஆட்களுக்கு அணைத்த நிலையில்தான் போகும். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப உன்ரை செயலி எப்பவும் பழசாத்தானே தெரியும்" என்றாள். தெரியட்டும்.

பெரியம்மாவிடம் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். அவருடைய 214 குறிப்பின் ஒரு பிரதி. பெயர்களையும் காசுத் தொகைகளையும் மாற்றிவிட்டு, என் மேசையில் கிடக்கும் ஒரு பழைய போனில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிப்பும் வெளியே போக முதல் அந்தப் போனில் ஏறும். நாலாவது குறிப்பு சீட்டா, மூன்று தள்ளுக்குப் பால் கணக்கு வருகிறதா என்று என் பெருவிரலால் தள்ளிப் பார்ப்பேன்.

திருத்திய பதிப்பைக் கொண்டுபோய்க் காட்டிய நாள் மழை. விறாந்தையில் சாக்கு விரித்திருந்தார்கள். பெரியம்மா முதலில் மூன்று முறை தள்ளித் தட்டினார், பால் கணக்கு திறந்தது. "ஓம், வந்திட்டுது" என்று போனைத் திருப்பித் தரப் பார்த்தார். "தேடிப் பாருங்கோ" என்றேன். நம்பிக்கையில்லாமல்தான் பூதக்கண்ணாடியைத் தட்டினார். பால் என்று எழுதினார். பால் கணக்கு, பாலுக்குக் கழிச்சது, பாலிலை தண்ணி எண்டு சொன்ன வீடு. புல்லு இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப உதை முதலே செய்திருக்கலாமே" என்றார். செய்திருக்கலாம் என்றேன்.

பிறகு நான் சொல்லாமலே இன்னொரு சொல்லை எழுதினார். அவருடைய விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உ. று. தி. ஒரே ஒரு குறிப்பு வந்தது. 'காணி உறுதி, பெரிய அலுமாரி, கீழ் லாச்சி, மஞ்சள் பைக்குள்.' அதை வாசித்தார். போனை வாங்கில் வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு பை சரசரக்கும் சத்தம். திரும்பி வந்து வாங்கில் இருந்தார்.

"கிடக்கு" என்றார்.